பால் வடியும் நேரத்து வகுப்பு

ரப்பர் மரத்தை வெட்டியதும் வேலை முடிந்துவிடாது. பால் வடிய வேண்டும். வெட்டிய கோடு வழியாக இறங்கி, தகரத்தில் கொஞ்சம் நின்று, சிரட்டைக்குள் சொட்டும். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஒரு யோசனை வந்து போகும். அந்த நேரத்தில் வெட்டுகிறவன் சும்மா இருக்க வேண்டும். மரம்தான் வேலை செய்யும்.

நான் படித்தது அந்த நேரத்தில்.

எங்கள் தோட்டம் யட்டவத்தவுக்கு மேலே. சரிவு முழுக்க ரப்பர். கீழே கொஞ்சம் கொக்கோ, கொஞ்சம் மிளகு. நானும் மனைவியும் பால் வெட்டுகிறோம். என் மரங்கள் மழைத்தண்ணீர் இறங்கும் கானுக்கு இந்தப் பக்கம், அவள் மரங்கள் அந்தப் பக்கம். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் கானைத் தாண்டிக் கத்த வேண்டும். அவள் கத்துவாள். நான் கேட்பேன். வீட்டிலும் அப்படித்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுத வராது. அவள் பள்ளிக்கூட வாசலுக்கே போகாதவள். கலியாணம் முடிந்த புதிதில் தோட்டத்துக்கு ஒரு முதியோர் வகுப்பு வந்தது. அவள் போனாள். பாதி எழுத்து படித்தாள். பிறகு அந்த வகுப்பு நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் எழுத்துகள் அவளைவிட்டுப் போய்விட்டன. எங்கே போயின என்று அவளுக்கே தெரியாது. ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து, "இது எனக்குத் தெரிஞ்ச மூஞ்சிதான், பேருதான் வரல" என்றாள். அப்புறம் பலகைகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

இரண்டாவது வகுப்பு வந்தபோது எங்கள் பிள்ளைகள் வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். போகவா வேண்டாமா என்று அவள் ரொம்ப நாள் யோசித்தாள். கடைசியில் என்னிடம் சொன்னாள்.

"நீங்களும் வந்தா வர்றேன். ஆனா ஒண்ணு. இந்தத் தடவையும் பாதியில போச்சுன்னா நான் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன். ஒரு தடவ மறந்தது போதும்."

நான் சரி என்றேன்.

வகுப்பு பிள்ளைக்காம்பராவில் நடந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் வராது. கூரையிலிருந்து சேலைத் தொட்டில்கள் மட்டும் வரிசையாகத் தொங்கும். காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக ஆடும். நாங்கள் அதற்குக் கீழே பாயில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவோம். சில நேரம் எனக்கு அந்தத் தொட்டில்களில் யாரோ தூங்குகிற மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்ததோ என்னவோ, யாரும் சத்தமாக வாசிக்க மாட்டோம்.

தனியாகவும் வாசிக்க மாட்டோம். டீச்சர் ஒருவரைப் பார்த்துக் கேட்டாலும் எல்லோரும் சேர்ந்துதான் பதில் சொல்வோம். அதைத் தொடங்கி வைப்பது ஒரு அக்கா. வேதக்காரி. லயத்து வீட்டு வரிசையின் கோடியில் வீடு. மாதா கோயிலில் செபமாலைக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகியவள். டீச்சர் கேட்டு முடித்ததும் அவள் குரல் முதலில் எழும்பும். நாங்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு போவோம். அவள் சரியாகச் சொன்னால் எல்லோரும் சரி. அவள் தப்பாகச் சொன்னால் எல்லோரும் தப்பு.

டீச்சருக்குப் பலாபத்வலயில் மெயின் ரோட்டு ஓரம் வீடு. எங்களைவிட வயதில் சின்னவர். இரண்டு பஸ் மாறி வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கேட்பார். ஒரு ஞாயிறு தண்ணீர் கேட்கவில்லை. பாயில் உட்கார்ந்து பையைத் திறந்து ஒரு பெரிய தாளை விரித்தார்.

"எனக்கு டிரான்ஸ்பர் வந்திருக்கு" என்றார். "வில்கமுவ."

வில்கமுவ மாவட்டத்தின் அந்தக் கோடி. வயல் காடு. நான் ஒரு தடவை ஒரு சாவுக்குப் போயிருக்கிறேன். போன பஸ் மறுநாள்தான் திரும்பியது.

என் மனைவி தாளைப் பார்த்தாள். தாள் வெறுமையாக இருந்தது.

"அப்போ வகுப்பு?"

"அதத்தான் பேச வந்தேன் அக்கா. ஞாயித்துக்கிழம வந்துட்டுப் போற தூரம் இல்ல. ஆனா போன்ல நடத்தலாம். நான் பாடத்தப் பேசி அனுப்புவேன், நீங்க கேட்டுப் பதில் சொல்லணும். ஆபீஸ்ல கேட்டேன். தை மாசம் வரைக்கும் நடத்திக் காட்டுன்னாங்க. பிள்ளைங்க பதில் சொல்றாங்கன்னு தெரிஞ்சா தொடரலாம். இல்லன்னா மூடிருவாங்க."

"பிள்ளைங்களா?" என்று சிரித்தான் என் மச்சான். மனைவியின் தம்பி. அவன் பக்கத்தில் இருந்தால் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியாது. "டீச்சர், எங்க அத்தானுக்கு மீசையே நரைச்சிருச்சு."

என் மனைவி சிரிக்கவில்லை. "போன்ல வகுப்பா?" என்றாள். "அதுவும் நின்னுரும்."

"நிக்காம இருக்கத்தான் இன்னைக்கே எல்லாத்தையும் திட்டம் போட்டுருவோம்" என்றார் டீச்சர். பேனாவைத் திறந்து தாளின் நடுவில் பெரிய வட்டம் ஒன்று போட்டார். அது கடிகாரம். "எந்த நேரம் எல்லாருக்கும் காது சும்மா இருக்கும்? அதச் சொல்லுங்க முதல்ல. சாயங்காலம் ஏழு மணி?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"ஏழு மணிக்கு அடுப்பு, டீச்சர்."

"எட்டு?"

"எட்டுக்கு நாடகம்."

"டிவி நாடகத்த ஒரு நாளைக்கு விடக் கூடாதா?"

"செபத்தையே நாடகம் முடிஞ்சுதான் சொல்றோம்" என்றாள் வேதக்கார அக்கா. "மாதாவே பொறுத்துக்கிறா. நீங்களும் பொறுத்துக்கங்க."

"காலைல வெள்ளனா?"

"பெரட்டு. கங்காணி பேர் கூப்பிடுவாரு."

"சரி, ஞாயித்துக்கிழமையே இருக்கட்டும். இதே நேரம்."

"ஞாயித்துக்கிழம துணி, வெறகு, சந்தை" என்றாள் என் மனைவி. "நீங்க ரெண்டு பஸ் மாறி வர்றீங்களேன்னுதான் எல்லாத்தையும் போட்டுட்டு வர்றோம். போனுக்கு யாரு வருவா?"

டீச்சர் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ரப்பர் கொட்டை வெடிக்கும் காலம். மலையில் எங்கேயோ ஒன்று வெடித்தது. கூரைத் தகரத்தில் ஒன்று விழுந்து உருண்டது. தொட்டில்கள் ஆடின. நான் சிரட்டைகளை நினைத்தேன். அதுவாக வாயில் வந்தது.

"பால் வடியிற நேரம்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாருங்க டீச்சர்" என்றாள் மனைவி. "வாய் இருக்கு இவருக்கு."

டீச்சருக்குப் புரியவில்லை. மச்சான் விளக்கினான். வெட்டி முடித்து, ரொட்டி தின்று, பிளேன்டீ குடித்த பிறகு பால் சேர்க்கும் வரை யாருக்கும் வேலை இல்லை என்றான். இருபது பேர் இருபது மரத்தடியில் மேலே பார்த்துக்கொண்டு கிடப்போம் என்றான். "அத்தான் மட்டும் தூங்குவாரு. வகுப்பு வச்சா அதுவும் போச்சு."

டீச்சர் வட்டத்தில் அந்த இடத்தைப் பேனாவால் நிரப்பினார். ஒரு துண்டு மாம்பழம் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு திட்டம் விறுவிறு என்று போனது. பிள்ளைக்காம்பராவில் கிடைக்கிற சிக்னல் மலையில் ஒரே ஒரு இடத்தில்தான் விழும், மேலே பெரிய கல்லில். காலையில் மச்சான் தன் போனைக் கொண்டுபோய்க் கல்லில் காட்டி, பாடத்தை இறக்கிக்கொண்டு வர வேண்டும். சார்ஜ் போடுவது வேதக்கார அக்கா வீட்டில். மச்சானிடம் கையளவு ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கும் அதுதான், மாதா திருநாளுக்கும் அதுதான். அதைக் கானோரத்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் சரிவு முழுக்கக் கேட்கும். யாரும் தன் மரங்களைவிட்டு வர வேண்டியதில்லை. டீச்சர் எழுத்தைச் சொல்லச் சொல்ல, அவரவர் மரத்தடி மண்ணில் குச்சியால் எழுதிக்கொள்ளலாம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அன்றைக்கு வகுப்பும் இல்லை. எல்லாவற்றையும் டீச்சர் எழுதினார். தாள் நிரம்பியது.

"ஒரு தடவ செஞ்சு பாத்துருவோம்" என்றார்.

மச்சானின் போனை வாங்கி ஒரு தொட்டிலுக்குள் வைத்தார். தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொட்டிலுக்குள்ளிருந்து டீச்சர் பேசினார்.

"வணக்கம். எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பத்தும் ஏழும் எத்தன? சொல்லுங்க பாப்போம்."

"பதினேழு!" என்றோம்.

"சரியாச் சொன்னீங்க" என்றது கதவுக்கு வெளியே ஒரு குரல். அதே நேரம் தொட்டிலும் அதையே சொன்னது. டீச்சர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். நாங்களும் சிரித்தோம். நன்றாக நடந்தது என்று எல்லோருக்கும் திருப்தி. என் மனைவி தொட்டிலை எட்டிப் பார்த்தாள். உள்ளே போன் மல்லாந்து கிடந்தது. அதன் வெளிச்சத்தில் சேலை ஒரு தாமரை நிறத்தில் இருந்தது. அவள் போனைத் தூக்காமல் தொட்டிலை ஒரு தடவை ஆட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் டீச்சர் வில்கமுவவுக்குப் போனார்.

முதல் பாடம் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடியும் முன் லேசாகத் தூறிவிட்டிருந்ததால் இலையெல்லாம் நனைந்திருந்தது, பட்டை நனையவில்லை. வெட்டினோம். வெள்ளைக் கோடுகள் ஒவ்வொரு மரத்திலும் இறங்கின. பனி மரங்களுக்கு நடுவில் நின்றது. கானோரத்து மரத்திலிருந்து டீச்சர் குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மயில் அகவியது. எங்கள் பக்கம் மயில் இல்லை. வில்கமுவ மயில் அது. எங்கள் மலையில் அகவியது.

நான் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். டீச்சர் சொல்லச் சொல்ல மண்ணில் எழுதினேன். குச்சி போன இடத்தில் ஈர மண் கறுப்பாகத் தெரிந்தது. மேலே இலை அசைந்தால் எழுத்தின் மேல் வெளிச்சம் வந்து போகும். எழுத்து உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும். கீழே நெல் வயல் இருக்கிறது, அதன் வரப்பில் டீச்சர் நடந்துகொண்டே பேசுகிறார் என்று தோன்றும். கண்ணை மூடினால் நானே அந்த வரப்பில் நடப்பேன்.

"சொல்லுங்க பாப்போம்" என்பார் டீச்சர். பிறகு கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் வேதக்கார அக்காவின் குரல் கீழ்ச்சரிவிலிருந்து எழும்பும். என் மனைவி கானுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பாள். மச்சான், நான், மேலே இருப்பவர்கள். ஒரே மரமாக நின்று சொல்கிற மாதிரி மலை பதில் சொல்லும். பிறகு டீச்சர், "சரியாச் சொன்னீங்க" என்பார்.

அவருக்கு நாங்கள் சொன்னது கேட்கிறது என்று நாங்கள் நினைத்தோம் என்று பிறகு மச்சான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். அது சரியில்லை. போன் எப்படி என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சொன்னோம். சொன்ன பிறகு அது எங்கே போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. வேதக்கார அக்கா செபமாலை சொல்லும்போது அது எங்கே போகிறது என்று பார்ப்பாளா? திட்டத்தில் நேரம் இருந்தது, கல் இருந்தது, ஸ்பீக்கர் இருந்தது, மழை கூட இருந்தது. பதிலை யார் பொத்தான் அழுத்தி அனுப்புவது என்பது மட்டும் இல்லை.

மழைக்காலம் வந்தது. லீவு நிறைய விழுந்தது. விடாத மழை நாட்களில் என் மனைவி அடுப்புச் சாம்பலில் எழுதிப் பார்த்தாள். மறக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு பயம் இருந்தது. அது மெல்ல இறங்கியது. மழை விட்டதும் பஸ்ஸில் மாத்தளைக்குப் போனோம். கடை கடையாகப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தாள். ஒரு சலூன் பலகையை வாசித்துவிட்டு, "இத்தன நாளா இந்தக் கடைக்குப் பேரு இருந்துச்சா?" என்றாள்.

மார்கழியில் டீச்சர் குரல் மெலிந்தது.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார். சாதாரணமாகக் கேட்கிற மாதிரி இல்லை.

"இருக்கோம் டீச்சர்!" என்று சரிவு முழுக்கச் சொன்னோம்.

அவர் கொஞ்சம் நிறுத்திவிட்டு, சரி என்று சொல்லாமல், பாடத்தைத் தொடங்கினார். பின்னால் மயில் இல்லை. டிராக்டர் ஒன்று தூரத்தில் ஓடியது.

"டீச்சருக்கு உடம்பு சரியில்ல போல" என்றாள் மனைவி, கானைத் தாண்டி. "அந்த ஊர்ல சாப்பாடு ஒத்துக்கலையோ என்னவோ."

"ஊர் ஞாபகம்" என்றான் மச்சான்.

எனக்கும் அது ஒரு மாதிரிதான் இருந்தது.

தை பிறந்தது. இலைகள் சிவந்தன. ரப்பர் மலை சிவக்கும்போது காலை வெயில் கூடச் சிவப்பாக இறங்கும். பிறகு விழத் தொடங்கும். சிரட்டையில் விழும், தலையில் விழும், மண்ணில் எழுதிய எழுத்தின் மேல் விழும். அப்படி ஒரு காலை. பால் வடிந்துகொண்டிருந்தது. மரத்திலிருந்து டீச்சர் கேட்டார்.

"இருபத்தஞ்சுல ஒம்போது போனா எத்தன? சொல்லுங்க பாப்போம்."

"பதினேழு!" என்றாள் வேதக்கார அக்கா.

"பதினேழு!" என்றது மலை.

"சரியாச் சொன்னீங்க" என்றது ஸ்பீக்கர்.

"தப்பு!" என்றது கீழேயிருந்து ஒரு குரல். "பதினாறு!"

நான் எழும்பி நின்றுவிட்டேன். ஸ்பீக்கர் ஒருநாளும் தப்பு என்று சொன்னதில்லை. கீழே ரோட்டில், இலை விழும் இடத்தில், டீச்சர் நின்றார். தோளில் பை. செருப்பு முழுக்கச் செம்மண். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மரத்திலிருந்த டீச்சர் அடுத்த கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. மச்சான் ஓடிப்போய் அதை நிறுத்தினான்.

எல்லோரும் இறங்கி வந்தோம். டீச்சர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"எத்தன நாளா இப்படிச் சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

"எப்பவும்தான்" என்றாள் மனைவி. "நீங்க கேக்குறீங்க, சொல்றோம்."

"யாருகிட்ட சொல்றீங்க?"

மனைவி ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

டீச்சர் உட்கார்ந்துவிட்டார், மண்ணிலேயே. "எனக்கு ஒரு சத்தம் வரல" என்றார். "நீங்க பாடத்தக் கேட்டுட்டீங்கன்னு போன் காட்டுது. கேட்டுட்டுச் சும்மா இருக்கீங்க. கூப்பிட்டுப் பாத்தேன், லைன் போகல. பிடிக்கலபோல, வேணாம்னு சொல்லத் தயங்குறீங்கபோலன்னு நெனச்சேன். இன்னைக்கு வந்தது வகுப்ப மூடப்போறாங்கன்னு நேர்ல சொல்லிட்டுப் போகத்தான்."

"அப்போ 'சரியாச் சொன்னீங்க'ன்னது?" என்று கேட்டாள் வேதக்கார அக்கா.

"அது பழக்கம் அக்கா. வகுப்புல சொல்ற மாதிரி, ஒரு இடம் விட்டுட்டுச் சொன்னேன்."

"அன்னைக்குத் தொட்டில்லயும் அப்படித்தான் சொன்னீங்க."

"அன்னைக்கு நான் கதவுக்குப் பின்னால நின்னேன், அக்கா. காதுல கேட்டுச்சு."

மச்சான் ஓவென்று சிரித்தான். "இத்தன மாசமா தப்புக்கெல்லாம் சரி வாங்கியிருக்கோம்!"

என் மனைவி சிரிக்கவில்லை. "மூடியாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல. மாசக் கடைசிக்குள்ள உங்க பதில நான் ஆபீஸ்ல காட்டணும்."

"இப்பவே சொல்றோம்" என்றாள் வேதக்கார அக்கா. "எல்லாருமாச் சேந்து."

"சேந்து சொன்னா எடுத்துக்க மாட்டாங்க அக்கா. ஒவ்வொருத்தரும் தனியாச் சொல்லணும். யாரு படிச்சாங்கன்னு தெரியணும். நான் அங்க போய்ச் சேந்ததும் ஒரு கேள்வி அனுப்புறேன். அதுக்கு அனுப்புங்க." மச்சானுக்குப் பொத்தானைக் காட்டினார். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும், விட்டால் போய்விடும். பால் சேர்க்கிற நேரம் வந்துவிட்டது. டீச்சருக்கு வில்கமுவ பஸ் போய்விடும். பிளேன்டீ குடித்துவிட்டு இறங்கினார். அவர் போன வழியில் இலை விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் கேள்வி வந்தது. "உங்க வேலையப் பத்திச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு இடைவெளி இல்லை. சரியாச் சொன்னீங்க இல்லை. மயில் மட்டும் அகவியது. பிறகு அதுவும் நின்றது.

எல்லோரும் கானோரத்து மரத்தடிக்கு வந்தோம். மச்சான் போனை வேதக்கார அக்காவிடம் நீட்டினான். அவள் பொத்தானை அழுத்தினாள். வாயைத் திறந்தாள். சிலுவை போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டாள். மச்சான் தானே அழுத்தினான். "ஹலோ, டீச்சர், நான்தான்..." என்று தொடங்கி, தன் குரல் தனியாகப் போவது தெரிந்ததும் விட்டுவிட்டான். அவன் அப்படி வாயடைத்து நான் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"நீ சொல்லு அக்கா" என்றான் என் மனைவியிடம்.

"நானா?" என்றாள் அவள். முன்னைய வகுப்பு நின்ற காலத்தில் பலகையைப் பார்த்த அதே முகம். "எனக்கு எல்லாரும் சொன்னாத்தான் வரும்."

பால் சொட்டிக்கொண்டிருந்தது. சிரட்டை பாதி நிரம்பியிருந்தது. இருபது பேர் பேசாமல் இருக்கிற அமைதி மலையில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அது பழகின இடம். நான் கையை நீட்டிப் போனை வாங்கினேன்.

"இவரா?" என்றாள் மனைவி.

அழுத்திப் பிடித்தேன். சொன்னேன்.

"நான் பால் வெட்டுறவன். காலைல வெட்டுவேன். வடியும். அந்த நேரம் முன்ன தூங்குவேன். இப்ப படிக்கிறேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் மனைவி, என் தோள்பக்கமிருந்து. "வீட்டுலதான் இப்படின்னா இங்கயுமா? நான் எழுதுறத சொல்லல, சாம்பல்ல எழுதினத சொல்லல, மாத்தளைல பலகை வாசிச்சத சொல்லல. நான் ஒருத்தி இந்தப் பக்கம் பால் வெட்டுறேன்னாவது சொன்னாரா பாரு..."

நான் விரலை எடுக்கவில்லை. அவள் முடித்த பிறகுதான் எடுத்தேன்.

மச்சான் போனோடு கல்லுக்கு ஏறினான். நாங்கள் பால் சேர்த்தோம். மறுநாள் காலை பதில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, வந்துச்சு. ஆனா நீங்க சொன்னது ஒண்ணும் கேக்கல. மரத்துக்கிட்ட ரகசியம் சொன்ன மாதிரி இருக்கு. அக்கா சொன்னது முழுக்கக் கேட்டுச்சு. அக்கா, நல்லாச் சொன்னீங்க. அண்ணே, நீங்க இன்னொரு தடவ சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

மலை முழுக்கச் சிரிப்பு. என் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். "நானா சொன்னேன்? எப்பச் சொன்னேன்?" பிறகு என் விரலைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. போனைப் பிடுங்கி, தானே அழுத்தி, தானே பேசினாள். நிறைய நேரம் பேசினாள். அவளுக்குப் பிறகு வேதக்கார அக்கா, பிறகு மச்சான், பிறகு ஒவ்வொருவராக. கல்லுக்கும் கானுக்கும் மச்சான் ஏறி இறங்கினான். எனக்கு முறை கடைசியில்தான் வந்தது. மறுபடியும் சொன்னேன். அதே வார்த்தைகள்தான். டீச்சர் அதற்கும் கேட்கவில்லை என்றார்.

மாசி முடிவதற்குள் மரங்கள் தளிர்த்தன. ரப்பர் தளிர் முதலில் செம்பு நிறம். வெயில் பட்டால் பின்னால் விளக்கு வைத்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு காலையில் கானோரத்து மரம் பேசியது.

"ஆபீஸ்ல கேட்டுட்டாங்க. உங்க குரல எல்லாம் ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. வகுப்ப மூடல. அடுத்த தை வரைக்கும் நடத்தச் சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் சந்தோஷமா?"

"சந்தோஷம் டீச்சர்!" என்று வேதக்கார அக்கா தொடங்கினாள். கானுக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. மலை சொன்னது. பிறகு அவரவர் மரத்தில் சாய்ந்துகொண்டார்கள்.

பால் சொட்டியது. ஸ்பீக்கர் ஒன்றும் சொல்லவில்லை. பதிலை அனுப்ப யாரும் எழும்பவில்லை.

நான் எழும்பினேன். கானோரத்து மரத்துக்குப் போய்ப் போனை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன்.

"சந்தோஷம்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். கானுக்கு அந்தப் பக்கம் அவள் திரும்பிப் பார்த்தாள்.